மைக்கைக் கையில் கொடுக்காதே

காலை ஏழு மணிக்கே சொல்லிவிட்டார்கள்:
நீயே பிடி. வாயருகே நீட்டு.
முப்பது நொடி ஆனதும் உருவிக்கொள்.
யார் கையிலும் கொடுத்துவிடாதே.

பிரெஸ்டனில் ஓர் ஓட்டல் கூடம்.
தண்ணீர் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.
எனக்கு மணிக்குப் பதின்மூன்று பவுண்டு.
கறுப்புச் சட்டை என்னுடையது,
காதுக்கருவி ஏஜென்சியுடையது.
மேடையில் ஐந்து பேர், முன்னால் ஐந்து கண்ணாடிப் புட்டிகள்;
தண்ணீர் நார்வேயிலிருந்து.
அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

திரையில் கேக்கைப் போல வெட்டிய வட்டம்:
நிர்வாகியின் சம்பளம்.
இந்தத் துண்டு இலக்கை எட்டியதற்கு.
இது, இலக்கைத் தவறவிட்டும்
வேலையை விட்டுப் போகாமல் இருந்ததற்கு.

மூன்றாம் வரிசையில் ஒரு கை.
டோரீன் என்ட்விசில். பதினோரு பங்குகள்.
மழைக்கோட்டில் ஈர நாயின் வாடை.
"கெல்டர் ஆற்றில் மாதிரி எடுப்பவள் நான்.
பதினாலு பேர் இருந்தோம், இப்போது ஐந்து.
அடைமழை வந்தால் ஊர்க் கழிவு நேரே ஆற்றில்.
அந்த ஒன்பது பேரின் சம்பளம்
வட்டத்தில் எந்தத் துண்டு?"

"நல்ல கேள்வி" என்றார் தலைமை வகித்தவர்,
நோயாளி அறைக் கதவைச் சாத்துவது போல.
"ஊதிய அறிக்கை மீதான வாக்கு
ஆலோசனை வாக்குத்தான். கட்டுப்படுத்தாது.
தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்."
யாரும் எதையும் குறித்ததை நான் பார்க்கவில்லை.

காதுக்குள் குரல்: எடு.
போன கோடையில் கெல்டரில் குளித்துவிட்டு
அக்கா மகன் கியரன் ஒன்பது நாள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.
அந்த மாதமும் தண்ணீர் பில் வந்தது.
எடு. எடு.
நான் விட்டேன் என்று சொல்லமாட்டேன்.
விரல் விட்டது.

மைக் டோரீனிடம் நிற்கவில்லை.
பஸ் ஓட்டுநர்களின் பென்ஷன் நிதிக்காக வந்தவரிடம் போயிற்று,
முகத்துவாரத்தில் சிப்பி அள்ளும் ஒருவனிடம்,
பில் புகார்களைப் போனில் கேட்கும் பெண்ணிடம்;
அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம் அவளிடமிருந்து,
கூடம் முழுக்க நிரம்பியது.
கடைசி வரிசையில் ஒருவர்
வெறுமனே இருமினார். அதுவும் பதிவாகியிருக்கும்.

முடிவு வந்தது: எதிர்த்து அறுபத்தொரு சதவீதம்.
ஐவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.
ஆலோசனைக்கு நன்றி சொன்னார்கள்.
வட்டம் திரையில் அப்படியே இருந்தது,
யாரோ புரொஜெக்டரை அணைக்கும்வரை.

வெள்ளிக்கிழமை என் கணக்கில்
ஒரு மணி நேரம் குறைந்திருந்தது.
பதின்மூன்று பவுண்டு.
அதற்கு வாக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை.