மடிப்பு

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் விரித்தோம்.
துணி ஒட்டிய தாள். 1916-இல் அளந்தது.
மைலுக்கு ஓர் அங்குலம்.

விருசுழியாறு அதில்
விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது.
எதிர்த்தரப்பு வக்கீல் போன வாய்தாவில்
அதைத்தான் பிடித்துக்கொண்டார்:
முழுக்கோடே இல்லை, அப்புறம் ஏது ஆறு?

அளந்தவர்கள் சித்திரையில் வந்திருப்பார்கள்.
சங்கிலி பிடித்தவன்
மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்திருப்பான்.
ஊற்றுக்கு இந்தத் தாளில் குறி கிடையாது.

கண்மாய்கள் மட்டும் நீலமாய்,
எல்லாம் கிழக்கே வயிறு தள்ளி.
ஒன்றின் கலுங்கிலிருந்து அடுத்ததற்கு
மயிரிழை போல் ஒரு வாய்க்கால்.
எங்களுடையதும் அப்படி ஓர் இழை.
இன்று அதன்மேல்
சொர்ணலட்சுமி நகர், நாற்பத்தாறு மனை,
கல் நட்டு, கொடி கட்டி.

அந்த இழை மடிப்பில் விழுந்திருக்கிறது.
எத்தனை தாசில்தார் மடித்தார்களோ,
தாள் தேய்ந்து நூல் தெரிகிறது.
சாத்தங்கண்மாய்க்குக் கீழே
அரை மைலைக் காணோம்.

சேவுகன் விரலை எச்சில் தொட்டு
"இங்கன இறங்கி, புளியைச் சுத்தி,
இங்கன சேரும்" என்று இழுத்தார்.
ஃபேன் காற்றில் அதுவும் காய்ந்தது.

"அண்ணே, ரெண்டு துண்டாத்தான் வரும்.
நடுவுல வெள்ளையா விழுதே,
பேனாவால கோடு போட்டுத் தரவா?"
என்றான் பையன்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வேண்டாம், உள்ளபடி எடு, என்றேன்.

கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
மேற்கே கிளம்பி
மடிப்பில் நிற்காமல்
கிழக்கே போயிற்று.