ஐந்தாவது படகு

நான்கு படகுகள் திரும்பிவிட்டன.
ஜனவரிக் கடைசி, மூன்று மணிக்கே இருட்டு.
ஸ்கார்வோய்த் தீவின் பெண்கள் அத்தனை பேரும்
துறையில் நிற்கிறோம் அரிக்கேன் விளக்கோடு.
மூச்சு பட்டுப் பட்டு
கம்பளி முக்காட்டின் ஓரம் பனியாய் இறுகிவிட்டது.
வராதது ஆஸ்முண்டின் படகு.

அப்போதுதான் அவன் வந்தான்.
கொம்பில்லை வாலில்லை கந்தக நாற்றமில்லை.
ஜெபவீட்டுச் சுவர்ப்படத்தில்
பாம்புத் தோலோடு நிற்கிறானே, அவன் சாயலே இல்லை.
என் குரலில் வந்தான்.
குழம்புக்கு உப்பு போதுமா என்று
எனக்குள் நானே கேட்டுக்கொள்ளும் குரல்.
'வராவிட்டால்
முனைப்பாறை உனக்குத் திரும்பும்' என்றான்.
அவ்வளவுதான்,
சந்தையில் விலை விசாரிப்பது போல.

முனைப்பாறையில்தான் எங்கள் மீன்பந்தல் இருந்தது.
அப்பா குடித்திருந்த ஓர் இரவில்
ஆஸ்முண்டின் அப்பன் நீட்டிய காகிதத்தில்
கையெழுத்து விழுந்தது.
பதினோரு வருடம்.
காற்றடித்தால் அவன் மீன்கள்
ஒன்றோடொன்று மோதும் சத்தம்
என் படுக்கைவரை கேட்கும்.
ஞாயிறுதோறும் அவனுக்கு வணக்கம் சொல்கிறேன்.
பரமண்டல ஜெபத்தில்
மன்னிக்கிறதுபோல என்ற இடம் வரும்போது
எனக்கு மட்டும் இருமல் வரும்.

போர்கில்ட் என் கையைப் பிடித்தாள்.
அவன் மனைவி. கையுறை நனைந்திருந்தது.
'நீயும் ஜெபி, கூன்வோர்.'
ஜெபித்தேன்.
உதடு கர்த்தரே என்றது, அவனைக் கொண்டுவாரும் என்றது.
உதட்டுக்குக் கீழே ஒருவன்
கழிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒரு கழிக்கு எத்தனை மீன்,
விதவை என்ன விலைக்கு விடுவாள்,
வசந்தத்துக்குள் முடியுமா.

பிறகு ஒரு வெளிச்சம்.
பாய்மரம் முறிந்து, தாடி முழுக்க உப்பும் பனியுமாக
ஆஸ்முண்ட் வந்து சேர்ந்தான்.
பெண்கள் அலறினார்கள். நானும்தான்.
பொய்யில்லை, சந்தோஷம் வந்தது.
ஆனால் அதற்கு ஒரு மூச்சு முன்னால்
எனக்குள் ஏதோ ஒன்று
ஏலத்தில் தோற்றதுபோல
பொத்தென்று உட்கார்ந்ததே,
அதை யாரும் பார்க்கவில்லை.

ஊழியக்காரர் லீடெரிடம் போய்ச் சொன்னேன்.
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.
'அது நீ இல்லை, மகளே.
சத்துரு எய்த அம்பு.
உன்னுடையது என்று நினைக்காதே.'
அழுதேன். எத்தனை லேசாக இருந்தது!
பனியில் கால் புதைவதே தெரியாமல் நடந்தேன்.

படகுக்கொட்டகைத் திருப்பத்தில்
அதே குரல், இன்னும் கனிவாக.
'கேட்டாயா? நீ இல்லை, நான்தான்.
பழியெல்லாம் என் பேரில் எழுதிக்கொள்.
ஆசையை மட்டும் நீ வைத்துக்கொள்,
பத்திரமாக.'

நின்றுவிட்டேன்.
அவன் கடல் தாண்டி வந்திருக்கலாம்,
காலத்துக்கு முன்பிருந்தே வந்திருக்கலாம்.
ஆனால் முனைப்பாறையில் எத்தனை கழி நடலாம் என்று
அவனுக்கு யார் சொன்னது?
கதவைத் தட்டியது அவன்தான்.
காபி கொதிக்க வைத்து,
கோப்பை எங்கே இருக்கிறது என்று காட்டி,
பதினோரு வருடம்
எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தது
நான்.

ஆஸ்முண்டுக்கு மூன்று விரல் போய்விட்டது.
முடிச்சுப் போட வரவில்லை.
செவ்வாய்க்கிழமை நான் முனைப்பாறைக்கு ஏறினேன்,
சணல் உருண்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு.
யாரும் கூப்பிடவில்லை.
காட் மீன்களை இரண்டிரண்டாக
வாலோடு வால் கட்டிக் கழியில் போட்டேன்.
போர்கில்ட் கீழிருந்து எடுத்துக்கொடுத்தாள்.
அப்பாவின் பழைய ஆணி ஒன்று
இன்னும் அந்தக் கட்டையில் துருப்பிடித்துக் கிடந்தது.

எண்ணு என்றான், காதுக்குள்.
போய்விட்டான் என்றா நினைத்தீர்கள்?

எண்ணினேன்.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு,
போர்கில்டுக்குக் கேட்கும்படி,
காற்றையும் மீறி,
வாய்விட்டு.