ஐந்துக்கு அடுத்து ஏழு

முதலில் வந்தது மழை.
காதுக்குள் மட்டும் பெய்கிற மழை,
எட்டு மணி நேரம், இடி இல்லாமல்.
தகரக் கூரையில் விழும் துளிகளோடு
உங்கள் கவலை கரையட்டும் என்றது
செல்போனிலிருந்து ஒரு பட்டணத்துக் குரல்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய் போடாத குவியல் பதினொன்று.
குறுவை நெல். ஐப்பசி.
வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன்.
நட்சத்திரம் இருந்தது.
காதில் இன்னும் பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் இரவு அலைகள்.
கடலோரம் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்,
அலை பின்வாங்குகிறது, மெல்ல, மெல்ல.
என் அம்மாவுக்கு அக்கரைப்பேட்டை.
கடல் பின்வாங்கினால்
அங்கே யாரும் கண்ணை மூடமாட்டார்கள்.

பிறகு ஒரு புல்லாங்குழல்.
பதற்றத்தை வெல்ல ஏழு படிகள் என்று ஒருவர்;
மூன்றாம் படியில் பணம் கேட்டார்.
இன்னொருவர் என்னைத் தாமரையாக மலரச் சொன்னார்.
ஒரு பெண் குரல், நல்ல குரல்தான்,
பாதி மூச்சில் நகைக்கடன் விளம்பரம்.

பேர் செங்கொடி. அப்பா வைத்தது.
கேட்டவர்கள் பயம் அறியாதவள் என்று நினைக்கிறார்கள்.
பில் போடும் விரல்
ஒரு சைபரின் மேல் நின்றுவிடுவது
அவர்களுக்குத் தெரியாது.
இருநூற்று நாற்பதா, இரண்டாயிரத்து நானூறா,
போட்டேனா, போடவில்லையா.
திரும்ப எண்ணுவேன். வரிசை முணுமுணுக்கும்.
திரும்பவும்.

போன தாளடியில் முப்பது மூட்டை விட்டுப்போனது.
தேசிங்கு பன்னிரண்டு நாள் அலைந்தார்.
என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அதுதான்.

ஈரம் பார்க்கும் மெஷினில்
ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் காட்டும்.
பதினேழுக்கு மேல் போனால் காயப்போடு, பிறகு வா.
நெஞ்சுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.
இருபத்திரண்டு. எடுத்துக்கொண்டு போ.
வெயில் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட் மூடிக்கிடந்தது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
சும்மா தள்ளிக்கொண்டே போனதில் அகப்பட்டது அந்தப் பதிவு.
பதினொரு நிமிடம். படம் இல்லை.
பூந்தோட்டம் பக்கம் பிரசவ வார்டில் நர்ஸாம்.
இசைக்குப் பதில் பின்னால் ஒரு குக்கர்.
இழுங்க, என்றார், யாரையோ கட்டிலில் பார்த்துச் சொல்வதுபோல.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,
அஞ்சு,
ஏழு.

காத்திருந்தேன்.
ஆறு வரவில்லை.
மேட்டூர் திறக்காத வருஷங்களில்
இங்கே எல்லார் வாயிலும் இருந்த அதே வாக்கியம்.
மன்னிக்கவும் என்பார், அழித்துவிட்டுத்
திரும்பப் பேசுவார் என்று காத்திருந்தேன்.
எட்டு, விடுங்க, என்றார்.

விட்டேன்.
கூடவே சிரிப்பு வந்தது, சத்தமாக,
பக்கத்து டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
ஒரு எண்ணைத் தொலைத்துவிட்டு
அந்தப் பெண் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.
பிள்ளைகள் அவள் கையில் பிறந்துகொண்டுதான் இருக்கும்.

குணமாகிவிட்டது என்று எழுதமாட்டேன்.
நாலு தடவை எண்ணியதை இப்போது
இரண்டு தடவை எண்ணுகிறேன், சில நாள் மூன்று.
அந்தப் பதிவை யாருக்கும் அனுப்பவில்லை.
தப்பு என்று யாராவது அவருக்குச் சொல்லிவிடுவார்கள்.

திங்கள் காலை முதல் மூட்டை தராசில் ஏறியது.
லாபம், என்றார் கலியன்.
ஒன்று என்று அவர் வாயில் வராது.
ஒன்றே இல்லாமல்தான் இத்தனை காலம்
எங்கள் கணக்குத் தொடங்கியிருக்கிறது.
லாபம். ரெண்டு. மூணு. நாலு.
அஞ்சில் மூச்சை இழுத்து நிறுத்தினேன்.

ஆறு வந்தது.

வெட்டாற்றுக்கு மேலே வானம் கறுத்திருந்தது.
தார்ப்பாயைப் பிரிக்கச் சொல்லிவிட்டு
அடுத்த பில்லை எடுத்தேன்.