உள்தள்ளல்

புந்தா அரேனஸில் ஜூன் மாதம்
காலை பத்துக்குத்தான் விடியும்.
மாலை ஆறுக்குள் வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
இரண்டுக்கும் நடுவே
துறைமுக அலுவலகத்தின் மாடியில்
யஸ்னா மார்த்தினிச்
நாற்பத்தொரு பக்க அறிக்கையோடு மல்லுக்கட்டுகிறாள்.

படகு மூழ்கியதை எழுதியவர் வேறு.
அதற்கு எண் போடுவதுதான் இவள் வேலை.

ஒன்று. அதன் கீழ் ஒன்று புள்ளி ஒன்று.
அதன் கீழ் அ, ஆ, இ.
அதற்கும் கீழே ஒரு கருப்புப் புள்ளி,
இன்னும் கீழே உள்ளீடற்ற வட்டம்.
டேப் விசையைத் தட்டினால் ஒரு படி உள்ளே,
ஷிப்டோடு தட்டினால் ஒரு படி வெளியே.
சொல்ல எளிது.
நடுவில் ஒரு சாதா வரி புகுந்தால் போதும்,
நேற்றுவரை ஒழுங்காயிருந்த ஏழு
மறுபடி ஒன்றாகப் பிறக்கிறது.
எண்ணைத் தொடரச் சொல்கிறாள்.
தொடர்கிறது, ஆனால் வேறு எழுத்துருவில்,
ஓரத்தை விட்டு அரை அங்குலம் தள்ளி,
விருந்துக்கு வந்து கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல.

காபி ஆறிவிட்டது.
நீரிணையிலிருந்து காற்று
ஜன்னலை இரண்டு முறை அறைந்துவிட்டுப் போனது.

பாகம் மூன்று: இழப்புகள்.
3.1 படகின் உடற்பகுதி
3.2 இயந்திரமும் துணைக்கருவிகளும்
      அ. நீர் இறைக்கும் பம்பு, ஒன்று
      ஆ. நண்டுக் கூடுகள், நூற்றெண்பது
      இ. கயிறு, நீளம் தெரியவில்லை
      ஈ. எலிசெயோ சிகுவாய், வயது முப்பத்துநான்கு
      உ. மீட்பு மிதவை, ஒன்று, திறக்கவில்லை

யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
ஒட்டியது எதுவானாலும்
மேல்வரியின் சாயலை வாங்கிக்கொள்ளும்,
மென்பொருளின் குணம் அது.
கயிற்றுக்கு அடுத்து விழுந்தவன்
கயிற்றின் இனமாகிவிட்டான்.

எண்ணை எடுத்துவிட்டு
வெறும் புள்ளி வைத்துப் பார்த்தாள்.
நான் எழுதும் மொழியில்
தலையில் புள்ளி ஏறிய எழுத்துக்கு உயிர் கிடையாது,
மெய் மட்டும்தான்.
இது அவளுக்குத் தெரிய வழியில்லை.
ஆனாலும் உடனே அழித்துவிட்டாள்.

ஷிப்ட், டேப்.
3.3 ஆனான்.
இன்னொரு முறை.
இப்போது அவன் 4.
வானிலை ஐந்துக்கு நகர்ந்தது, சாட்சியங்கள் ஆறுக்கு.

கப்பித்தான் உல்யோவா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.
"காப்பீட்டுக்காரர்கள் கடிதத்தில்
3.2.ஈ என்றே எழுதிவிட்டார்கள்.
எண்ணில் கை வைக்காதே."

"அது கயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஐயா."

"எது?"

"அவர்."

உல்யோவா திரையைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.
"ஐந்து மணிக்குக் கையெழுத்து வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

பழைய இடத்தை அவள் மூடவில்லை.
ஈ. காலி. 4-ஐப் பார்க்க.
கடிதம் வந்து கதவைத் தட்டினால்
யாராவது வழி சொல்ல வேண்டுமே.
முழு அறிக்கையையும் தேர்ந்தெடுத்து
எஃப் ஒன்பதை அழுத்தினாள்.
முப்பத்தெட்டு குறுக்குக் குறிப்புகள்
ஒரே மூச்சில் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன.

மிச்சம் ஒன்றே ஒன்று.
அவன் மேலேறியபோது
அடுத்த வரியில் இருந்த மிதவை
தானாக அவனுக்குக் கீழே வந்து நின்றிருந்தது.
அதை மீண்டும் இயந்திரங்களோடு சேர்க்க
வெட்டி ஒட்டினால் போதும்.
விரல் விசைமேல் இருந்தது,
கொஞ்ச நேரம்.

4. எலிசெயோ சிகுவாய், வயது முப்பத்துநான்கு
      4.1 மீட்பு மிதவை, ஒன்று, திறக்கவில்லை

ஐந்து மணிக்கு உல்யோவா கையெழுத்திட்டார்.
அந்தப் பக்கத்தில் அவர் பேனா
சற்று நின்றதாக யஸ்னாவுக்குத் தோன்றியது.
மை தீர்ந்திருக்கலாம்.
அவர் பேனாவை உதறிவிட்டு
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.