பதினெட்டு

எஃகு உருளையை இரண்டு நாள் சுட்டோம்,
நூற்றைம்பது பாகையில்,
அலுமினியத் தாள் சுற்றி,
விருந்து முடிந்து கட்டிய பார்சல் போல.
பம்பின் விசில் ஏறி ஏறிக்
காதுக்கு எட்டாத இடத்துக்குப் போனது.
உள்ளே ஒன்றும் இல்லை என்று
இனி கருவி சொல்லவேண்டும்.
சொல்லவில்லை.

திரையில் பதினெட்டில் ஒரு முள்.
பதினேழில் அதன் குட்டி.
தண்ணீர்.

வெளியே காரைக்குடி, சித்திரை.
கருவேலம் மட்டும் பச்சை கட்டி நிற்கிற வெயில்.
கல்லலில் இருந்து அம்மா பேசினாள்:
லாரி வந்து நாலு நாளாச்சு,
குடங்கள் வரிசையில் நிற்கின்றன,
ஆட்கள் நிழலில் நிற்கிறார்கள்.
இங்கே மூன்று வாரமாகத்
தண்ணீரை ஒழிக்க வழி தேடுகிறேன் என்று
எப்படிச் சொல்ல?
வேலை இருக்கும்மா என்று வைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஆர்கான்.
யாரோடும் ஒட்டாத வாயு.
அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க
பதினைந்தே முக்கால் எலக்ட்ரான் வோல்ட் விலை.
பேரம் கிடையாது.
பதினைந்தரை கொடுத்தால்
சிலிர்க்கும், கொஞ்சம் ஒளிரும்,
விடாது.
முழு விலை கொடுத்தால்
போனது ஒன்று, வருவது இரண்டு,
பின்னால் ஓர் அயனி.

அயனம் என்றால் செல்கை.
சூரியனுக்குத் தையில் ஒன்று, ஆடியில் ஒன்று.
என் அயனிக்கு ஒன்றே ஒன்று:
நாற்பது சென்டிமீட்டர் குழாய்,
ஆறு மைக்ரோ நொடி,
முனையில் ஒரு டிக்.
அந்த டிக்குகளை எண்ணுவதற்குத்தான்
மாதம் முப்பத்தோராயிரம் தருகிறார்கள்,
தரும் மாதங்களில்.

அமலதாசன் ஹீலியம் குழாயோடு
மூட்டு மூட்டாக ஊதிக்கொண்டு வந்தார்.
நான்கில் முள் எழவில்லை.
ஓட்டை இல்லம்மா, என்றார்,
இது வெளியே இருந்து வரல.

இரவு இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் பதினோரு நிமிடம் தாங்கியது.
பிறகு அந்த விசில்
இறங்கி இறங்கி
ஒரு கிழட்டுச் சைக்கிள் போல முனகி நின்றது.
செல்போன் வெளிச்சத்தில் பதிவேட்டைப் புரட்டினேன்.
பங்குனி கடைசியில் உருளையைத் திறந்த நாள்.
என் கையெழுத்து, என் பெயர், சிகப்பி.
ஓரத்தில் பென்சிலில்:
"இடது கையுறை கிழிசல். வேறு இல்லை."

அப்படியானால்
காலையில் விடுதிக் குழாயில் நான் குடித்த
சம்பை ஊற்று,
மதியம் விரல் நுனியில் வியர்வையாகி,
எஃகில் ஒரே ஓர் அடுக்காய்ப் படிந்து,
சுட்டும் போகாமல்,
உறிஞ்சியும் போகாமல்,
என்னை என் கருவிக்குள் உட்காரவைத்திருக்கிறது.

சிரித்தேனா என்று நினைவில்லை.
கொசு கடித்தது நினைவிருக்கிறது.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
மறுநாள் மாலைதான் வெற்றிடம் தேறியது.
ஆர்கான் உருளையைத் திறக்கவில்லை.
எல்லோரும் பின்னணி என்று கழித்துவிடும் எண்ணை
கழிக்காமல் வைத்துக்கொண்டு
ஆற்றலைக் கீழிருந்து ஏற்றினேன்.
பத்து. ஒன்றுமில்லை.
பன்னிரண்டு. ஒன்றுமில்லை.
பன்னிரண்டு புள்ளி ஆறில்
முதல் டிக்.
பாறையில் கசிவது மாதிரி,
இன்னொன்று.
பதினெட்டைத் தாண்டியதும் உடைய ஆரம்பித்தது:
ஒரு ஹைட்ரஜன் தெறித்து,
மிச்சம் பதினேழாக வந்து சேர்ந்தது.

நூறில் நிறுத்தி, விடிய விடிய எண்ணினேன்.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் உள்ள விகிதம்
அச்சில் இருப்பதைவிட ஏழு சதவீதம் கூட.
பிழைக் கோடு ஐந்து சதவீதம்.
அவர்கள் தவறா, நானா,
என் வியர்வையில் இருந்த வேறு ஏதாவதா?
அம்மோனியாவுக்கும் பதினேழுதான்.

திங்கட்கிழமை மறுபடி அளக்கவேண்டும்.
கையுறை போட்டா, போடாமலா
என்று அமலதாசன் கேட்கிறார்,
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

லாரி வந்ததா என்று
அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.