ஏழாம் நம்பரில் மழை

கரண்டி என்றுதான் சொல்வேன் அதை.
புனலுக்குக் கீழே இரட்டைக் கரண்டி,
நடுவில் ஓர் அச்சு.
தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய நீர் சேர்ந்தால்
ஒரு பக்கம் சாயும், கொட்டும்,
மறுபக்கம் ஏந்தி நிற்கும்.
சாயும்போது ஒரு காந்தம் ஒரு கம்பியைக் கடக்கும்.
ஒன்று.
என் கருவிக்கு மழை என்றால் அவ்வளவுதான்:
ஒன்று, ஒன்று, ஒன்று.

மஸ்கெலியாவிலிருந்து ஆறு கட்டை மேலே
ஏழாம் நம்பர் மலையில் அதை நட்டவன் நான்.
பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் தலையில்
உள்ளங்கை அகலச் சூரியத் தகடு.
பெட்டி தூங்கும். கால்மணிக்கு ஒருதரம் விழித்து
எண்ணியதைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கும்.
சின்னக் குரல்தான், ஆனால் தூரம் போகும்,
மூன்று பள்ளம் தாண்டி
ஸ்டோர் கூரை அன்டெனாவுக்கு.
அங்கிருந்து ஒரு சிம் அட்டை வழியே
நான் பார்த்திராத ஊரில்
நான் பார்த்திராத கணினிக்கு.
அங்கே ஒரு வரி எழுதியிருந்தது:
மழை இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால்
கொழுந்து ஈரம். ஆளுக்கு இரண்டு கிலோ கழி.
அந்த வரி போன வழியே இறங்கி வந்து
மடுவத்துத் தராசில் உட்கார்ந்துவிடும்,
யோகமலர் சாக்கைக் கொக்கியில் மாட்டிக்
கையை எடுப்பதற்குள்.

வரியை நான் எழுதவில்லை.
இதைச் சொல்லிக்கொண்டே நாலைந்து இரவு தூங்கினேன்.

"பதினெட்டரை இருக்கணும்,
பதினாறரைங்குது. யாரு எடுத்தா?"
மழை, என்றேன்.
"எங்க பேஞ்சிச்சி?"
ஏழாம் நம்பர்ல.
"நாங்க எடுத்தது நாலாம் நம்பர்ல."

இந்த மலைகளில் இருப்பவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
மேட்டுக்கு அந்தப் பக்கம் படங்கு போர்த்தியிருப்பார்கள்,
இந்தப் பக்கம் முதுகு காயும்.
சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி
என் கையில் வைத்தாள்.
கொழுந்தில் வெயில் சூடு இருந்தது.

"இதுகிட்ட நாங்க சொல்லணும்னா
எங்க அமத்துறது?"

நான்தான் பூட்டிய தராசு,
இருந்தும் திருப்பிப் பார்த்தேன்.
அமத்த ஒன்றும் இல்லை.
"கம்ப்யூட்டர் போட்டது, நான் கைவைக்க ஏலாது"
என்றார் கணக்கப்பிள்ளை,
முகத்தில் கொஞ்சம் நிம்மதியோடு.
நாலாம் நம்பருக்கும் ஒரு மானி கேட்டுக்
கொழும்புக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன்.
செலவு, என்று ஒரு சொல் வந்தது.

பிறகு ஒரு வியாழன்.
பகல் பன்னிரண்டு, வானத்தில் ஒரு பஞ்சு இல்லை.
என் போன் அதிர்ந்தது:
ஏழாம் நம்பரில் நாற்பது மில்லிமீட்டர்.
கால்மணியில் இருநூறு ஒன்றுகள்.

பொருளுக்குப் பொருள் பேசிக்கொண்டன.
பதினொரு மலையிலும் ஆளுக்கு இரண்டு கிலோ போனது,
யோகமலருக்கும்தான்.
ஸ்டோரில் வாட்டும் தொட்டிகளின் விசிறிகள்
ஈரம், ஈரம் என்று நம்பி முழுவேகத்தில் சுழன்றன.
காய்ந்த கொழுந்தை இன்னும் காய்த்து,
மாலைக்குள் ஆயிரம் கிலோ
காலடியில் நொறுங்கும் சருகு.

அவர்களுடைய இரண்டு கிலோவுக்கு
ஒருவரும் வரவில்லை.
சருகுக்கு மறுநாளே வேன் வந்தது.

அதற்கு முன்பே நான் மலை ஏறிவிட்டேன்.
புனலைத் திறந்தால், விளிம்பில் பழுப்பு வளையம்.
மோந்து பார்த்தேன்.
பிளேன்டீ. சீனி தாராளமாய்.
ஒரு போத்தல் அளவு இருக்கும்.
அச்சின் மேல் எறும்புகள் வரிசையாய்,
வேலைக்கு வந்தவைபோல.

சட்டை முனையால் வளையத்தைத் துடைத்தேன்.
அறிக்கையில் இப்படி எழுதினேன்:
கோளாறு கருவியில் இல்லை.
ஒரு மலையின் மழையைப் பதினொரு மலைக்கும்
எண்ணியதில் இருக்கிறது.

எறும்புகளை ஊதிப் பார்த்தேன், போகவில்லை.
விரலால் தட்டும்போது
கரண்டி சாய்ந்தது.
ஒன்று.
கீழே, எங்கோ,
அதையும் எண்ணிக்கொண்டார்கள்.