ஸுராபின் பங்கு

பத்தூமியில் நான்காவது நாளாக மழை.
அச்சகத்தின் தகரக் கூரைக்கு
வேறு பேச்சே இல்லை.

லாமாரா வழக்கமாக அனுப்புவது
எல்லாம் ஒன்றாய் அழுத்திய தட்டைப் படம்.
இன்று அவசரம்.
டேப்லெட்டில் தீட்டிய மூலக் கோப்பே
வந்து விழுந்திருக்கிறது,
அறுநூறு மெகாபைட்.

திற என்றேன்.
என் மென்பொருள் முதலில் முகம் சுளித்தது:
இரண்டு தூரிகைகளை அதற்குத் தெரியாதாம்,
ஒரு கலவை முறை புரியவில்லையாம்,
இருந்தாலும் தொடரலாமா?
தொடர்.

பாதியில் நின்ற நீலக் கோடு
தேநீர் ஆறும்வரை அசையவில்லை.
பிறகு ஒரேயடியாக
நாற்பத்தொரு அடுக்குகள்.

வானம். வானம் 2. மலை.
மலை நகல். மலை நகலின் நகல்.
இலை, ஈர இலை, வேண்டாத இலை.
பழங்கள்.
பழங்களுக்கு மேலே, அவற்றைக் கவ்விக்கொண்டு,
'ஸுராபின் பங்கு'.

ஸுராப் நான்தான்.
இந்தக் கட்டடத்தில் வேறு ஸுராப் இல்லை.

அந்த அடுக்கின் கண்ணை மூடினேன்,
பழங்கள் சாந்தமாயின.
திறந்தேன்,
எரிந்தன.
பதினைந்து சதவிகிதம் கூடுதல் ஆரஞ்சு,
ஒருவருக்கும் தேவைப்படாத தீ.

ஆறு வருடமாக
மாண்டரின் சாற்றுப் புட்டிக்கு
அவள் படம், என் மை.
கண் கூசுகிறது என்று நான் குறைப்பேன்.
செங்கல்லாக்கிவிட்டாய் பாவி என்று
அவள் தொலைபேசியில் கத்துவாள்.
குறைத்ததற்குள்ளேயே
எத்தனை முறை மனம் உறுத்தியிருக்கிறது எனக்கு!

இத்தனை நாளும் அவள்
நான் அடித்துக் கேட்கப்போகும் விலையை
முன்கூட்டியே ஏற்றி வைத்துத்தான்
கடை விரித்திருக்கிறாள்.
கத்தியதும் வியாபாரத்தில் சேர்த்தி.

இழுப்பறையில் ஒரு மாண்டரின் கிடந்தது,
நேற்று மதியத்தின் மிச்சம்.
திரையருகே பிடித்துப் பார்த்தேன்.
அவள் சொன்ன நிறமும் இல்லை,
நான் சொல்வதும் இல்லை.
காம்போரம் இன்னும் பச்சை.

அழைத்தாள்.
"கோப்பு திறந்ததா?"
"திறந்தது."
"எல்லாம் ஒழுங்காக வந்ததா?"
கூரை கொஞ்சநேரம் பேசியது.
"இரண்டு தூரிகைகள் வரவில்லை" என்றேன்.
"அவ்வளவுதானே?"
"அவ்வளவுதான்."

அடுக்குகளை ஒன்றாய் அழுத்தினேன்.
வானம், மலை, நகல், நான்,
எல்லாம் ஒரே தாள்.
வழக்கம்போல் ஆரஞ்சைக் குறைத்தேன்,
சரியாகப் பதினைந்து.

அச்சுக்கு விடு என்றேன் நோதாரிடம்.
பழத்தை உரித்தேன்.
புளிப்பு.